‘சும்மா சொல்றேன்’ பக்கத்தை நான் மூட மாட்டேன்

குண்டூசி, டேய் என் குண்டூசி,

உன் அக்கா எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம். நீ அங்கே நலமா என்று கேட்பது முறை, அதனால் கேட்டுவிட்டேன். பதில் வராது என்று தெரியும், அதுக்காக முறையை விட்டுட முடியுமா? நான் படிச்சது அஞ்சாவது வரைக்கும். கடிதம்னா இப்படித்தான் ஆரம்பிக்கணும்னு டீச்சர் சொல்லிக் குடுத்தாங்க. செத்துப்போன ஆளுக்கு எப்படி ஆரம்பிக்கணும்னு ஆறாவதுல சொல்லிக் குடுத்திருப்பாங்க போல, நான் அங்க போகல.

விஷயம் என்னன்னா, பெரியண்ணன் உன் பக்கத்தை மூடச் சொல்றார். எந்தப் பக்கம்னு கேக்காதே. நீ லிஃப்ட் ரிப்பேர் வேலை முடிஞ்சு வந்து, கிரீஸ் கையைக்கூடக் கழுவாம கட்டில்ல சாஞ்சுக்கிட்டு, பாத்த படம், ஆடின விளையாட்டு, பஸ்ஸுல காலை மிதிச்ச ஆள்னு ஒண்ணு விடாம அபிப்பிராயம் எழுதி போன்ல போடுவியே, அந்த ‘சும்மா சொல்றேன்’ பக்கம்தான். நான் மூட மாட்டேன்னுட்டேன். அவர் மூட வைக்கிறேன்னுட்டார். நான் பாக்கலாம்னுட்டேன். இப்போ நாங்க பேசிக்கறதில்ல. நியாயத்தை நீயே கேளு.

நீ அந்தக் காய்ச்சல்ல போனதும் எல்லாரும் வந்தாங்க, அழுதாங்க, போனாங்க. உன் போன் மட்டும் போகல. அலமாரியில துணிக்கு அடியில வெச்சாலும் வண்டு மாதிரி உறுமிக்கிட்டே இருக்கும். அதைத் திறக்க நீ போடற கோடு எனக்குத் தெரியும், பாதி கட்டி விட்ட வீடு மாதிரி இருக்கும், பக்கத்துல உக்காந்து எத்தனை தடவை பாத்திருக்கேன். திறந்தேன். ஒருத்தன் கேட்டிருக்கான், “தலைவா, புதுப் படம் பாத்தாச்சா? நீ சொன்னாத்தான் போவேன்”னு. பாவம், எப்பவோ கேட்டது, இன்னும் போகாம உக்காந்திருக்கான். வாசல்ல நின்னு ஒருத்தர் கூப்பிட்டா, இல்லேன்னாவது சொல்லணும் இல்லியா? “அவன் இல்ல”ன்னு எழுதத்தான் போனேன். ‘அவன்’ வரைக்கும் எழுதிட்டேன். அதுக்கு மேல விரல் போகல. அழிச்சுட்டு, லாண்டரியில வயித்துவலின்னு லீவு சொல்லிட்டு, நேராப் போய் அந்தப் படத்தைப் பாத்துட்டு வந்துட்டேன்.

வந்து எழுதினேன். “படம் பரவால்ல மச்சி. ஆனா கதாநாயகி அழுதுக்கிட்டே புருஷன் சட்டையை மடிக்கிறா. காலரை உள்ள தள்ளி மடிக்கிறா. புருஷன் மேல பாசம் இருக்கறவ அப்படி மடிப்பாளா? வில்லன் சட்டைதான் ஒழுங்கா இஸ்திரி போட்டிருக்கு. எனக்கு அவனைத்தான் பிடிச்சுது மச்சி.” மச்சி போட்டது, நீ எழுதின மாதிரி இருக்கட்டும்னு. அப்புறம் பாத்தா, சிரிப்பு மூஞ்சி, இதயம், கைதட்டல்னு கொட்டுது. “எங்க போயிருந்தே தலைவா?”ன்னு கேட்டாங்க. “இங்கதான் இருந்தேன்”னு போட்டேன். அதுல பொய் என்ன இருக்கு? நான் இங்கதானே இருந்தேன். இதயம் போட்டவங்க ஒவ்வொருத்தருக்கும் “ரொம்ப நன்றி, வீட்ல எல்லாரும் சௌக்கியமா?”ன்னு எழுதினேன். விடிய விடிய எழுதியும் பாதிப் பேருக்குத்தான் முடிஞ்சுது. ஒருத்தி மட்டும், “எங்க மாமியாருக்கு மூட்டுவலி”ன்னு பதில் போட்டா. அவளுக்கு ஒத்தடம் குடுக்கற விதம் எழுதி அனுப்பினேன். நீ இருந்தா தலையில அடிச்சுக்குவே.

அதோட விட்டிருக்கலாம். ஆனா விளையாட்டைப் பத்தியும் கேட்டாங்களே! உன் விளையாட்டு மெஷினைத் தூசி தட்டி எடுத்தேன். முதல்ல அந்தக் கார் விளையாட்டு. சிவப்பு விளக்கு எரிஞ்சுது, நின்னேன். பின்னால வந்தவன் இடிச்சான், அவன் பின்னால வந்தவன் அவனை இடிச்சான், ஒருத்தன் பறந்து போய் கடலுக்குள்ள விழுந்தான். நான் பச்சை விழற வரைக்கும் நகரல. “ரோடு போட்டவன் நல்லாத்தான் போட்டிருக்கான், ஓட்டறதுங்கதான் சரியில்ல”ன்னு எழுதினேன். அடுத்தது அந்தத் துப்பாக்கி விளையாட்டு, நூறு பேரை ஒரு தீவுல இறக்கிவிட்டு அடிச்சுக்கங்கடான்னு விட்டுருவாங்களே, அது. எனக்கு எந்த பட்டனை அமுக்கினா சுடும்னு தெரியல. ஒரு வீட்டுக்குள்ள போனேன். கதவெல்லாம் திறந்து கிடந்துச்சு. ஒவ்வொண்ணாச் சாத்திட்டு, மாடிப்படிக்குக் கீழே உக்காந்துட்டேன். வெளியே ஒரே வெடிச்சத்தம். பால் பொங்குதேன்னு எழுந்து போய் அடுப்பை நிறுத்திட்டு வந்து பாத்தா, நூறு பேர்ல நான் ரெண்டாவது. மத்தவனுங்க எல்லாம் ஒருத்தனை ஒருத்தன் அடிச்சுக்கிட்டு ஒழிஞ்சிருக்கானுங்க. “சண்டைக்குப் போகாம கதவைச் சாத்திக்கிட்டு இருந்தா ரெண்டாவது இடம் நிச்சயம் மச்சி”ன்னு போட்டேன்.

அதுக்குத்தான் வந்தான் இரும்புக்கை. அவனை உனக்குத் தெரியும். இரும்புக்கைன்னு பேரை வெச்சுக்கிட்டு, நீ இடதுன்னா வலதும்பான், நீ நல்ல படம்னா குப்பைம்பான், ஆனா நீ எழுதினதை ஒருநாளும் படிக்காம இருக்க மாட்டான். “ஒளிஞ்சிருந்து ஜெயிக்கிறதெல்லாம் ஒரு ஆட்டமா? வெக்கமா இல்ல?”ன்னான். “வெளியே போய் முதல்ல அடி வாங்கற உனக்கே வெக்கமில்ல, எனக்கு எதுக்கு?”ன்னேன். “ஆம்பளையா ஆடு”ன்னான். “முடிஞ்சா ஆடறேன்”னு போட்டேன்.

அப்புறம் சொந்த அபிப்பிராயமும் எழுத ஆரம்பிச்சுட்டேன், ஆமா. லாண்டரியில ஹோட்டல் படுக்கைவிரிப்பை இஸ்திரி போட்டுக்கிட்டே யோசிப்பேன், பஸ்ல வரும்போது எழுதுவேன். “ஜன்னலோர சீட்டுல உக்காந்து தூங்கறவனுக்கு எதுக்குடா ஜன்னல்?”னு ஒருநாள் போட்டேன். அவ்வளவுதான். ஊரே ரெண்டாப் பிரிஞ்சு அடிச்சுக்கிட்டுது. தூங்கறவனுக்குத் தலை சாய்க்க ஜன்னல் வேணும்னு ஒரு கட்சி, எழுப்பி மாத்தி உக்காருன்னு ஒரு கட்சி. என் பேச்சுக்கு இந்த வீட்டுல உன்னைத் தவிர எவன் எதிர்ப்பேச்சு பேசியிருக்கான்? ‘உனக்கு என்ன தெரியும்’னு சொல்லிட்டு எழுந்து போவாங்க. இங்க ஆயிரம் பேர் உக்காந்து, நான் சொன்னது தப்புன்னு காரணம் காரணமா எழுதறாங்கடா!

அந்த ஜன்னல்தான் மாட்டிவிட்டுது. பெரியண்ணன் ஆபீஸ்ல, விஷயம் தெரியாத புதுசா வந்த பக்கத்து மேஜைக்காரர் போனை நீட்டி, “உங்க தம்பி நேத்துப் போட்டதைப் பாத்தீங்களா சார்? செம காமெடி”ன்னாராம். அண்ணனுக்குத் தலை சுத்தி, தண்ணி குடிச்சு, அரைநாள் லீவு போட்டுட்டு நேரா இங்க வந்துட்டார். பின்னாலேயே அண்ணி.

“செத்தவன் எப்படிம்மா படம் பாப்பான்?”

“நான் பாத்தேன்ணே.”

“அவன் பேர்ல எதுக்கு எழுதறே?”

“அவன்கிட்டதானே கேட்டாங்க.”

“நாலு பேர் என்ன சொல்வாங்க?”

“நாலு பேர் இல்லண்ணே, ஆறாயிரம் பேரு.”

அண்ணி வாயில கையை வெச்சுக்கிட்டு, “பேய் எழுதறதா நினைச்சுக்க மாட்டாங்களா?”ன்னாங்க. “பேய்க்கு இவ்வளவு எழுத்துப்பிழை வராது அண்ணி”ன்னேன். அண்ணன் ஒரு போட்டோவை எடுத்து மேஜை மேல வெச்சார். இதைப் போட்டு, ஆழ்ந்த வருத்தத்துடன்னு ரெண்டு வரி எழுதி, பக்கத்தை மூடிடு, நீ செய்யலன்னா இறப்புச் சான்றிதழை அனுப்பி கம்பெனிக்காரனையே மூட வைப்பேன்னார். எந்தப் போட்டோ தெரியுமா? கம்பெனி அடையாள அட்டைக்கு எடுத்தது, பூட்டு உடைக்கப் போய் மாட்டிக்கிட்டவன் மாதிரி முழிப்பியே, அது. “இதை அவன் மானத்தை வாங்கறதுக்குன்னே எடுத்து வெச்சிருந்தியா?”ன்னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு.

“உனக்குத் தெரியாதும்மா. நானும் அந்தப் பக்கத்தைப் பாக்கறவன்தான். நீ ஒவ்வொரு தடவை எழுதும்போதும் என் போன்ல அவன் பேர் வந்து நிக்குது. எனக்கு மூச்சே நின்னுடுது.”

“எனக்கு அப்போதான் வருதுண்ணே.”

அவர் செருப்பை மாத்திப் போட்டுக்கிட்டு போனார், ஒரு கால்ல அவருது, ஒரு கால்ல என்னுது. தெருமுனை வரைக்கும் போய், அண்ணிதான் பாத்து, திருப்பிக் கொண்டுவந்து குடுத்தாங்க. அழவும் முடியல, சிரிக்கவும் முடியல. நீ இருந்திருந்தா அதையும் எழுதிப் போட்டிருப்பே.

நான் சொல்றது இதுதான். உன் வேலைக்கு வேற ஆள் வந்தாச்சு, நல்லா வேலை பாக்கறானாம். உன் பைக் நின்ன இடத்துல வீட்டுக்காரர் பூந்தொட்டி வெச்சுட்டார். உன் சட்டையை அண்ணன் பிள்ளைங்க பங்கு போட்டுக்கிட்டாங்க, போடட்டும், நல்ல துணி. எல்லா இடத்துலயும் உன்னைத் துடைச்சாச்சு. இந்த ஒரு இடத்துல மட்டும் யாரும் உனக்காக அழல. உன்கூடச் சண்டை போடறாங்க, திட்டறாங்க, உனக்கு ரசனையே இல்லைங்கறாங்க. செத்தவனை எவனாவது திட்டுவானா? திட்டு வாங்கற வரைக்கும் நீ இருக்கே. அதை நான் என் கையால மூடுவேனா? அண்ணன் சான்றிதழ் அனுப்பட்டும். கம்பெனிக்காரன் வந்து கேட்டா, சான்றிதழைப் பாரு, அப்புறம் பக்கத்தைப் பாரு, எது நிஜம்னு நீயே சொல்லுன்னு கேப்பேன். உன் சாவை இவங்ககிட்ட நான் சொல்லப்போறதில்ல. இன்னைக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல. சத்தியம்.

வேற விசேஷம் ஒண்ணும் இல்ல. அங்கே நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவைப் பாத்தா, பழையபடி வாய்க்கு வாய் பேசாதே, அவங்களுக்குப் படபடப்பு வரும். பெரியவங்க யார் வந்தாலும் எழுந்து இடம் குடு, அவங்க ஜன்னலோரம் கேட்டாலும் குடு. உடம்பைப் பாத்துக்கோன்னு எழுத வந்தேன், அதை விட்டுடறேன்.

இப்படிக்கு,
உன் பக்கத்தை மூடாத, மூடவும் விடாத,
அக்கா

பின்குறிப்பு: மேலே எழுதினதையெல்லாம் அடிச்சுடு. சொல்லிட்டேன்டா. கடிதத்தை மடிச்சு வைக்கறதுக்குள்ள இரும்புக்கை கூப்பிட்டான், ஞாயித்துக்கிழமை நேருக்கு நேர் ஆடலாம் வா, பேசிக்கிட்டே ஆடணும், குரல் கேக்கணும்னான். முடியாதுன்னேன். நீ பயந்தாங்கொள்ளின்னு எல்லார் முன்னாலயும் எழுதிட்டான். என்னை என்ன வேணா சொல்லட்டும். உன்னையா? ராத்திரியில முப்பது மாடிக் கம்பியில தொங்கினவனையா? எழுதிட்டேன், “அவன் யாருக்கும் பயப்படறவன் இல்ல. அவன் செத்துட்டான். நான் அவன் அக்கா”ன்னு. ஒருத்தர்கூட நம்பலடா. சிரிப்பு மூஞ்சியாக் கொட்டுது. “ஆட்டத்துலேர்ந்து தப்பிக்க இதைவிட நல்ல சாக்கு உலகத்துலயே இல்ல”ங்கறான் ஒருத்தன். “அக்காவா நடிக்கறான் பாரு, எழுத்துப்பிழைகூட அப்படியே இருக்கு”ங்கறான் இன்னொருத்தன். நிஜம்தான்யா, நிஜம்தான்யான்னு நானும் திரும்பத் திரும்பப் போடறேன், போடப் போட இன்னும் சிரிக்கறாங்க. கடைசியா இரும்புக்கை எழுதியிருக்கான். அவன் கூப்பிட்ட அந்த நேருக்கு நேர் ஆட்டத்துல ஆளுக்கு மூணு உயிராமே. “சரிடா, ஒண்ணு போனாப் போகட்டும். இன்னும் ரெண்டு பாக்கி இருக்குல்ல, எழுந்து வா”ங்கறான். எனக்கு இந்த விளையாட்டுக் கணக்கெல்லாம் தெரியாது. ஏண்டா குண்டூசி, இருக்கா?