சன்னலோர நாற்காலியை இனி யாருக்கும் கொடுக்கலாம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் அக்காவைக் கைப்பிடித்த ஒரே தகுதியால் உங்களை மாப்பிள்ளை என்று அழைக்கும் உரிமை பெற்றவன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் சௌக்கியம். என் வலது முழங்கால் மட்டும் கோபித்துக்கொண்டிருக்கிறது. அங்கே நீங்களும் தங்கச்சியும் நலமாக இருக்க வேண்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் மருந்துக் கம்பெனியில் சன்னலோரமாக ஒரு நாற்காலியை உங்கள் மருமகளுக்காக ஆறு மாதமாகக் காலியாக வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதை இனி யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்துவிடுங்கள். என் மகள் வரமாட்டாள். "இந்த மாசக் கடைசிக்குள்ள ஒரு பெரிய ஆர்டர் வரலைன்னா மாமாகிட்டயே வேலைக்கு வந்துடறேன்" என்று அவள் உங்களிடம் வாக்குக் கொடுத்தது உண்மை. மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது ஆர்டர் வந்துவிட்டது. என் எழுத்து கோணலாக இருந்தால் அதற்குக் காரணம் வயது அல்ல, பெருமை.

"காப்பித் தூளைக் குப்பியில அடைச்சு விக்கறதெல்லாம் ஒரு தொழிலா?" என்று நீங்கள் கேட்டதை நான் மறந்துவிட்டேன். உங்கள் அக்கா மறக்கவில்லை. அதனால் இந்த கேப்ஸ்யூல் வியாபாரம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு அலுமினியக் குப்பி, உள்ளே ஒரே ஒரு கோப்பைக்கான தூள், மேலே மெல்லிய மூடி. மிஷினுக்குள் போட்டு பித்தானை அமுக்கினால் காப்பி. கேட்க எளிது. ஆனால் பேனா வாங்கினவன் எந்தக் கடை மையையும் ஊற்றிக்கொள்ளலாம், இந்த மிஷின் அப்படி அல்ல. அதைச் செய்கிறவர்கள் மிஷினைச் சல்லிசாகக் கொடுத்துவிட்டுக் குப்பியில் ஆளைப் பிடித்துக்கொள்வார்கள், மூக்கணாங்கயிறு அவர்கள் கையில். நம் பெண் அந்த மிஷினுக்குப் பொருந்தும் காலிக் குப்பிகளை மொத்தமாக வாங்கி, இரண்டு அறை வாடகை இடத்தில் தூள் நிரப்பி மூடி ஒட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று ஒரு நாள் மிஷின்காரர்கள் அதன் வாயைக் கால் விரற்கடை மாற்றிவிட்டார்கள், எட்டுப் பெட்டிக் குப்பி ஒரே நாளில் செல்லாக்காசு. அது போதாதென்று முதலில் பிடித்த அலுவலகத்தில் எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது அலுவலகத்தில், குடித்துப் போட்ட குப்பி மலையாகக் குவிகிறது, யார் அள்ளுவது என்று கேட்டார்கள். "நானே அள்றேன்" என்று இவள் சாக்கோடு போய் நின்றாள். நீங்களும் நானுமாக இருந்தால் அந்தச் சாக்கை விரித்து அதிலேயே படுத்திருப்போம்.

இந்த நிலையில்தான் நான் தர மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்றேன். யாரும் நியமிக்கவில்லை, நானே நியமித்துக்கொண்டேன். எடை அளவுத் துறையில் முப்பத்தொரு வருடம் ஆய்வாளராக இருந்தவன், தன் மகளின் வியாபாரத்தில் கைகட்டி நிற்க முடியுமா? மூடின பொட்டலத்தை நம்பாதே என்பதுதான் எங்கள் துறையில் முதல் பாடம். ஆகவே, அவள் பெட்டிகளை அடுக்கிவிட்டு வெளியே போகிற சமயம் பார்த்து, பத்துக் குப்பிக்கு ஒன்றாக எடுத்து, மூடியைக் கிழித்து, ஓய்வு பெற்றபோது எனக்குப் பரிசளித்த பித்தளைத் தராசில் தூளை நிறுத்தேன். அஞ்சரை கிராம் இருக்க வேண்டும், இருந்தது. தூளை ஒரு துகள் சிந்தாமல் திருப்பிப் போட்டு, காகித நாடாவால் மூடி, மேலே 'சோதிக்கப்பட்டது' என்று எழுதித் தேதியோடு கையெழுத்துப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தேன். சோதித்த சரக்கில் கையெழுத்து இல்லாமல் நான் என் வாழ்நாளில் விட்டதில்லை.

பெட்டிகள் அறுபது பேர் வேலை பார்க்கும் ஓர் அலுவலகத்துக்கு மூன்று நாள் வெள்ளோட்டத்துக்குப் போயின. முதல் இரண்டு நாளும் சரியாகப் பத்தில் ஒருவர், காப்பி சவசவவென்று இருக்கிறது என்று புகார் சொன்னாராம். காற்றுப் பட்டால் தூளின் மணம் போய்விடும் என்பது எங்கள் பாடத்தில் இல்லை. மூன்றாம் நாள் மிஷின் நடுவில் முக்கி நின்றுவிட்டது. மகளுக்கு போன் வந்தது. நானும் கூடவே ஓடினேன். சரக்கு வாங்கும் பொறுப்பில் இருந்த அம்மாள் ஒரு கோப்பையை நீட்டினார்.

"என்னம்மா இது? காப்பியில யாரோட கையெழுத்து மிதக்குது?"

மகள் கோப்பையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்; மின்விசிறியை நன்றாகத் துடைத்து வைத்திருந்தார்கள்.

"எங்கப்பாவோடது மேடம். தப்பு எங்க பக்கம்தான். சரி பண்ணிட்டுப் போறேன்."

கைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து மிஷினைக் கழற்றி, என் நாடாவை இடுக்கியால் பிடுங்கி, பதினொரு நிமிடத்தில் ஓட வைத்தாள். அன்று மதியமே எல்லாப் பெட்டியையும் திரும்ப எடுத்துக்கொண்டு புதுச் சரக்கு கொண்டுவந்து வைத்தாள். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "முன்னாடி சப்ளை பண்ணவங்க மிஷின் நின்னா பத்து நாள் கழிச்சு ஆள் அனுப்பிட்டு, எங்க தண்ணி சரியில்லைம்பாங்க. நீங்க தப்பையும் ஒத்துக்கிட்டு கையோட சரியும் பண்ணிட்டீங்க." ஒரு வருடத்துக்கு ஆர்டர் எழுதிக் கொடுத்தார். அதில் என்னைப் பற்றியே தனியாக ஒரு வரி சேர்க்கச் சொன்னாராம். அந்த அளவுக்கு என் வேலை அவர் மனதில் பதிந்திருக்கிறது.

லிஃப்டில் இறங்கும்போது மகள் கேட்டாள், "அப்பா, நீங்க பிரிச்சுப் பார்த்தீங்களே, எதுலயாவது எடை குறைஞ்சுதா?"

"ஒண்ணுலகூட இல்லம்மா."

"அப்ப சரி" என்று சிரித்துவிட்டாள்.

மாப்பிள்ளை, முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ கடையில் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒன்றில்கூடக் குறையாத வியாபாரியை என் வீட்டில்தான் பார்த்தேன். லிஃப்டில் மற்றவர்கள் இருந்ததால் முகத்து வியர்வையைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆகையால், அந்த நாற்காலிக்கு நல்ல ஆளாகப் பாருங்கள். தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் எல்லா வளமும் பெற்று, எதிலும் குறையில்லாமல் இருக்க என் ஆசிகள்.

இப்படிக்கு,
பெருமை பிடிபடாத உங்கள் அத்தான்

பின்குறிப்பு: நாற்காலியை அதற்குள் கொடுத்துவிட வேண்டாம். இன்று காலை மகள் என்னிடம் ஒரு கடிதம் தந்தாள். ஆர்டரில் சேர்த்த அந்த வரி இதுதானாம்: 'கையெழுத்துப் போட்ட நபர் குப்பிகளின் பக்கம் வரக் கூடாது.' எனவே எனக்குப் பொறுப்பிலிருந்து விடுதலை. கடிதத்தில் தேதி, முத்திரை, கையொப்பம் எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு பிழை இல்லை. என் மகள் அல்லவா! இதற்கிடையில் நேற்று நான் வீட்டுச் சோப்புப் பெட்டிகளைப் பிரித்து நிறுத்ததிலிருந்து உங்கள் அக்கா தராசைப் பார்க்கிற பார்வையும் சரியில்லை. திங்கட்கிழமையிலிருந்து நானே வந்து சன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறேன். சம்பளம்கூட வேண்டாம். உங்கள் கம்பெனியில் மூடின பெட்டிகள் நிறைய இருக்கும்தானே?