பெருக் கடலும் எங்கள் மொட்டைமாடியும்

மந்தைவெளி,
12.11.1997

அறிவியல் பக்க ஆசிரியர் அவர்களுக்கு, இருபத்திரண்டு ஆண்டு வாசகன் பொன்னுரங்கம் வணக்கத்துடன் எழுதுவது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் நனையாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் நனைந்துவிட்டோம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பஸ் டிப்போவில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றேன். கடலும் காற்றும் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்கள் பக்கத்தைக் கத்தரித்து, மைதாப் பசையால் நோட்டில் ஒட்டி, வரிவரியாகப் படித்துத் தெரிந்துகொண்டதுதான். ஆகஸ்டில் எல் நினோ பற்றிப் போட்டீர்கள். பெரு தேசத்தை ஒட்டிய கடல் சூடேறிவிட்டது, தண்ணீரை மேற்கே தள்ள வேண்டிய காற்று தளர்ந்துவிட்டது, அதனால் சூடான நீர் கிழக்கே திரும்புகிறது, மேகமும் புயலும் அதன் பின்னாலேயே போய்விடும், இந்தியாவில் மழை குறையும் என்றீர்கள். அம்புக்குறி போட்ட படம் வேறு.

இதை நம்பித்தான் என் மகள் அன்புச்செல்வியின் நிச்சயதார்த்தத்தை ஐப்பசியில் மொட்டைமாடியில் வைத்தேன். பந்தல்காரர் தார்ப்பாய் போடலாம் என்றார். உங்கள் படத்தைக் காட்டி, துணி ஷாமியானா போதும் என்று அவர் வாயை அடைத்தேன். பட்டினப்பாக்கம் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் தாயம்மா கூடையை இறக்கும்போதே சொன்னாள்: "நைனா, வடக்கேர்ந்து வெள்ளம் தெக்கால ஓடிக்கினு கீது. வலையெல்லாம் இஸ்துக்கினு போவுது. மழ புடிச்சா உடாது, தார்ப்பா போட்டுக்க." கடல் நீரோட்டத்தைத்தான் அவர்கள் வெள்ளம் என்பார்கள். பெரு எங்கே இருக்கிறது தெரியுமா என்று கேட்டேன். "பெருவ நீ பாத்துக்க. பட்டினப்பாக்கத்த நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வஞ்சிரத்தை வெட்ட ஆரம்பித்தாள்.

சென்ற ஞாயிறு தட்டு மாற்றும் நேரத்தில் மழை பிடித்தது, ஷாமியானா வயிறு தொங்கியது, நான் நோட்டைத் திறந்து இது வெறும் தூறல்தான் என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே சம்பந்தி தனபாலன் தலைக்கு நேராகக் கிழிந்தது, அவர் கையிலிருந்த தட்டில் பூ மிதந்தது, பழம் மிதந்தது, தை மாதத் தேதி எழுதிய லக்னப் பத்திரிகை கரைந்து நீலத் தண்ணீராக அவர் வேட்டியில் இறங்கியது. அவர் கோபப்படவில்லை, ஐயா. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் பட்டிருப்பேன். வேட்டியைப் பிழிந்துகொண்டே, "தப்பு யாருதுன்னு பெருவுல கேட்டுச் சொல்லுங்க சம்பந்தி. அப்புறம் தேதி எழுதலாம்" என்று சொல்லிவிட்டு ஆதம்பாக்கம் போய்விட்டார். அன்றிலிருந்து என் மகள் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கிற சத்தம்தான் பேசுகிறது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் உங்கள் தவறுக்கு முதல் பக்கத்தில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அதைச் சம்பந்தியிடம் காட்டினால்தான் தேதி கிடைக்கும். நான் மன்னிப்புக் கேட்பதாக இல்லை. முப்பத்தொரு ஆண்டு சர்வீசில் மேலதிகாரியிடமே கேட்டதில்லை.

தங்கள் இல்லத்து நல்ல காரியங்களெல்லாம் கான்கிரீட் கூரைக்குக் கீழே நடக்க வாழ்த்தும்,
பொன்னுரங்கம்

பி.கு.: ஆதாரமாகக் கட்டுரையை இணைக்க நோட்டை எடுத்தேன். அன்று மாடியில் அதுவும் நனைந்ததல்லவா, பசை விட்டுக் காகிதம் தானாக உரிந்து வந்தது. கட்டுரையின் மீதி பின்பக்கத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழைக்கு இது பொருந்தாதாம், இப்படிப்பட்ட ஆண்டுகளில் அது பெரும்பாலும் கூடுதலாகவே பெய்யுமாம். முன்பக்கத்தை முற்றுப்புள்ளியோடு முடித்தது உங்கள் குற்றம். ஒட்டியது மட்டுமே என்னுடையது. வருத்தம் எதுவும் அச்சிட வேண்டாம். தபால் தலை ஒட்டிவிட்டதால் இதை அனுப்புகிறேன். இப்போதே ஆதம்பாக்கம் புறப்படுகிறேன். அங்கே என்ன சொல்லப்போகிறேன் என்பது பத்திரிகைக்கு வேண்டாத விஷயம். வாசல்வரை வந்த மகள் குடையை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.