குதிரை காத்த கொளஞ்சியப்பன்

வாழ்க கொளஞ்சியப்பன்! முதுகுன்ற நகரின் பீங்கான் பேட்டையில் மூன்றாம் வரிசைக் கொட்டகையின் தனிப்பெருந்தலைவன். மண்கூழ் கண்டு மலையாதவன். மெருகுத் தொட்டியில் முழங்கைவரை நனைந்தும் முகம் சுளியாதவன். மணிமுத்தாறு வற்றிய கோடையிலும் வியர்வை வற்றாதவன். அவன் புகழ் பாடப் புகுந்தோம். யானைமுகன் காக்க. இணையம் அறாதிருக்க.

பிறர் வடித்த அச்சுகளில் மண்கூழ் ஊற்றியே அரை ஆயுளைக் கழித்த அவ்வீரன், இவ்வாண்டு ஆடி மாதத்தில் தன் கையாலேயே ஒரு குதிரையை வடித்தான். முழங்கால் உயரம். தூக்கிய முன்னங்கால், விடைத்த செவி, காற்றை உதைக்கும் பிடரி. அதற்கு அச்செடுத்து இருபது குதிரைகளை வார்த்துக் காயவைத்து, படை நிறுத்துவதுபோல் வரிசையாக நிறுத்தினான். நவராத்திரிக்குள் வெந்து வந்தால் இருபதையும் எடுத்துக்கொள்வதாகவும், வராவிட்டால் வேறு எவனுடைய யானையையாவது அந்த இடத்தில் வைத்துக்கொள்வதாகவும் புதுச்சேரிக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

மாவீரர்க்கும் ஒரு குறை உண்டு. அவனுக்குச் சொந்தச் சூளை இல்லை. பொதுச் சூளையின் டிராலிகளோ பண்டிகைக் காலத்தில் பெரிய கொட்டகைகளின் சரக்கால் நிரம்பிவிடும். எவர் டிராலியிலாவது ஒரு தட்டு காலியாக இருந்தால், அவர் 'சூளை நண்பர்கள்' குழுவில் குரல் கொடுப்பார். சிறு கொட்டகைக்காரர்கள் ஓடி வந்து நிரப்புவார்கள். காலித்தட்டோடு டிராலியைச் சூளைக்குள் அனுப்புவது அப்பேட்டையில் பாவம். பேட்டையார் அனைவரையும் கோத்துவைத்திருந்த அக்குழு, கடல்கடந்த பெருவணிகன் ஒருவனுக்குச் சொந்தமான பச்சைநிறச் செயலியில் இருந்தது.

அக்குழுவில்தான் கொளஞ்சியப்பன் தன் முதற்குதிரையின் படத்தை ஏற்றினான். ஏற்றிவிட்டு, மகப்பேறு அறிய அரண்மனை வாயிலில் உலவும் மன்னனைப் போலக் கொட்டகை வாசலில் உலவினான். முதல் அம்பு வந்தது. எய்தவன் தங்கதுரை: ஊறுகாய் ஜாடிகளின் வேந்தன், குழுவின் அட்மின், நாவில் நல்லெண்ணெயையும் மிளகாய்த்தூளையும் ஒருங்கே குழைத்தவன்.

"அண்ணே, கழுதை சூப்பரா வந்திருக்குது."

கரை உடைத்த வெள்ளமெனச் சிரிப்பு முகங்கள் பாய்ந்தன. அகல்விளக்கு வார்க்கும் தேவநாதன், "காதப் பாத்தாலே தெரியுதே மாமா, இன்னும் கத்தலியா?" என்று இரண்டாம் அம்பை விடுத்தான். மாலைக்குள் எவனோ அக்குதிரையின் முதுகில் துணிமூட்டை ஏற்றி ஸ்டிக்கர் ஆக்கிவிட்டான். காலை வணக்கத்துக்கு அதுவே வந்தது. டீ வந்ததற்கும் அதுவே. கரண்ட் போனதற்கும் அதுவே.

மார்பில் தைத்த கழுதையோடு கொளஞ்சியப்பன் செயலியின் புகார்ப் பொத்தானை அழுத்தினான். கடல்கள் தாண்டி, மலைகள் தாண்டிப் போன அம்முறையீட்டுக்கு மறுநாள் விடை வந்தது: "தங்கள் புகாரைப் பரிசீலித்தோம். எங்கள் நெறிகளுக்கு முரணாக ஏதும் இல்லை."

"எவன்யா பரிசீலிச்சது? அவன் குதிரையைப் பாத்திருக்கானா?" என்று அவன் முழங்கியதில் அச்சுகள் அதிர்ந்தன. மண்கூழ் கலக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி கமலம் நிமிரவில்லை.

"சாமி பேர வச்சிக்கினு எவன்கிட்டயோ போயி பிராது குடுக்கிறீங்க. மணவாளநல்லூரு எம்மாந்தூரம்? கொளஞ்சியப்பரு கோயில்ல பிராது எழுதிக் கட்டிட்டு வாங்க. அவரு பரிசீலிப்பாரு."

"போடி. ஒரு கழுதைக்காக சாமிகிட்ட போவாங்களா?"

கமலம் இப்போது நிமிர்ந்தாள். "பாத்தீங்களா? நீங்களே சொல்லிட்டீங்க."

சொந்த வாளே கையை அறுத்த அக்கணத்தில் அவனுக்கு ஞானம் பிறந்தது. நாம் சிரிப்பதும் சண்டையிடுவதும் எவனோ கட்டிய மண்டபத்தில்; தூண் அவனுடையது, காவல் அவனுடையது, நம் பேச்சை நிறுத்து விற்கும் தராசும் அவனுடையது. அங்கே மானத்தைத் தேடுவது அடுத்தவன் கொல்லையில் கீரை பறிப்பதாகும். எழுந்தான். கட்டைவிரலை ஓங்கினான். "மரியாதை இல்லாத மன்றத்தில் மண்தொட்ட கை நில்லாது! இனி எனக்கென ஒரு நாடு. அங்கே என் குதிரை குதிரையே!" என்று பிரகடனம் எழுதி, எவரும் விடை எழுதும் முன் நீங்கினான். 'கொளஞ்சியப்பன் வெளியேறினார்' என்று செயலி சாம்பல்நிறத்தில் ஒரு வரி போட்டது. அவ்வளவுதான்.

எவருக்கும் உடைமையாகாத சமூக வலை ஒன்று உண்டென்றும், வேண்டியவர் அதைத் தம் கணினியிலேயே நட்டு ஆளலாம் என்றும் அவன் ஒரு வீடியோவில் அறிந்தான். பில் போடுவதற்கென வாங்கி, பில் இல்லாததால் தூசி படிந்திருந்த கணினியை அச்சுகளின் நடுவே அரியணை ஏற்றினான். வீடியோவை நிறுத்தி, ஓட்டி, மறுபடி நிறுத்தி, ஒரு வாரப் போருக்குப் பின் 'நன்மொழி' என்னும் நாட்டை நிறுவினான். மண் அரைக்கும் மோட்டாரைப் போட்டால் மட்டும் மின்சாரம் தாழ்ந்து அந்நாடு சற்றே இருளும், நிறுத்தினால் மீளும். விளம்பரம் இல்லாத நாடு. வேவு இல்லாத நாடு. அதற்கு அவன் விதித்த சட்டங்கள் மூன்று: கேலி கூடாது. சிரிப்பு முகம் கூடாது. ஒருவர் செய்த பொருளை அவர் இட்ட பெயராலேயே அழைக்க வேண்டும்.

முதற்குடி கமலம். "ஒரே வூட்டுல இருந்துக்கினு இதுல வேற வணக்கம் வைக்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே வணக்கம் வைத்தாள். இரண்டாம் நாள் தேவநாதன் வந்து வணக்கம் என்றான். கொளஞ்சியப்பன் வணக்கம் என்றான். தேவநாதன் நன்றி என்றான். பிறகு எவருக்கும் சொல்ல எதுவும் இல்லை. மரியாதை அங்கே பனிபோல் இறங்கி எல்லாவற்றையும் மூடியது.

மூன்றாம் நாள் தங்கதுரை வந்தான். சட்டங்களை வாசித்தான் போலும். கைகூப்பிய முகத்தோடு எழுதினான்:

"பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம். தங்கள் குதிரை, குதிரையாகவே உள்ளது."

கொளஞ்சியப்பன் அவ்வரியை நின்று வாசித்தான். அமர்ந்து வாசித்தான். கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தான். 'ஆகவே' என்னும் அச்சொல் புற்றுக்குள் வால் மட்டும் தெரியும் பாம்பெனக் கிடந்தது. பொறுக்கவில்லை. தன் நாட்டிலேயே தான் நட்ட புகார்ப் பொத்தானை அழுத்தினான். புகார் பறந்தது. ஓர் அங்குலமும் பறக்காமல், அரசன் என்ற முறையில் அவனிடமே வந்து நின்றது.

நீதி வழங்க அமர்ந்தான். கேலியா? கேலி என்று ஒரு சொல்லும் இல்லை. சிரிப்பு முகமா? கைகூப்பிய முகம். பெயர்? குதிரை, அதுவும் இருமுறை. மன்னன் மனுதாரனைப் பார்த்தான். மனுதாரன் மன்னனைப் பார்த்தான். இருவருக்கும் ஒரே மீசை. நெடுமூச்செறிந்து தனக்குத் தானே தட்டச்சினான்: "தங்கள் புகாரைப் பரிசீலித்தோம். எங்கள் நெறிகளுக்கு முரணாக ஏதும் இல்லை."

கமலம் விழுந்து விழுந்து சிரித்தாள். அது நாட்டுக்கு வெளியே நடந்ததால் சட்டம் பாயவில்லை.

இதற்கிடையே நவராத்திரி நெருங்கியது. வேகாத குதிரைகள் இருபதும் நின்றபடி நின்றன. கடைக்காரர் போனில், "என்னங்க, வருதா? இல்ல யானைக்குச் சொல்லிடட்டுமா?" என்றார். "சூளையில் இடம் தேவை" என்று கொளஞ்சியப்பன் நன்மொழியில் முரசறைந்தான். கமலம் ஒரு பூப் போட்டாள். வேறு அரவமில்லை. பச்சைக் குழுவிலோ எந்நாளும் தட்டுகள் ஏலம்போல் கூவப்பட்டன. கமலத்தின் கைப்பேசி இடுப்பில் இருந்தபடி டிங் டிங்கென்று அவற்றைச் சொல்லிற்று. அவள் அக்குழுவை விட்டு நீங்கவே இல்லை.

"ஏங்க, தங்கதுரை போட்டிருக்காரு. படிக்கட்டுமா?"

அவன் வேண்டாம் என்று தலையசைக்கும் முன் படித்தாள். "மேல் தட்டு காலி. சாயங்காலம் வரைக்கும் வச்சிருப்பேன். ஒசரமான சாமானா இருந்தா தேவல."

"எவனாவது நிரப்பட்டும்."

"தேவநாதன்கிட்ட அகலு. அவருகிட்ட ஜாடி. மத்தவங்ககிட்ட கப்பு. முழங்கா ஒசரத்துக்கு இந்தப் பேட்டையில யாருகிட்டங்க சாமான் இருக்குது?"

அச்சொல் வேலெனப் பாய்ந்தது. கொளஞ்சியப்பன் எழுந்தான், அமர்ந்தான். ஒருபுறம் மானம் யானைப்படையாய் அணிவகுத்தது. மறுபுறம் இருபது குதிரைகள் தூக்கிய காலை ஊன்ற இடமின்றி அவனையே பார்த்தன. உடைமை தன்னுடையதாய், சட்டம் தன்னுடையதாய், விளம்பரமும் வேவும் அற்று, மாசிலாது விளங்கிய தன் நாட்டை ஒருமுறை நோக்கினான். மனைவியின் கைப்பேசியில் மூட்டை சுமந்து, அத்தனை பேரின் சிரிப்புக்கு நடுவே நின்ற அந்த விலங்கையும் நோக்கினான். அதன் செவி உண்மையிலேயே சற்று நீளமென்பதை, மண்ணும் விண்ணும் சாட்சியாக, அவன் உள்ளம் அன்று முதன்முறையாக ஒப்புக்கொண்டது. மோட்டார் ஓடத் தொடங்கியது; நன்மொழி நாடு இருண்டது; இமயம் குனிவதுபோல், ஏழு கடலும் ஒரே நேரத்தில் பின்வாங்குவதுபோல், அப்பெருவீரன் தன் கட்டைவிரலைத் தாழ்த்தினான்.

கமலம் அனுப்பிய இணைப்பைத் தொட்டுக் குழுவில் திரும்பச் சேர்ந்து, "தொரை, கழுதைங்க ரெடியா இருக்குது, எடுத்தாரட்டுமா?" என்று கேட்டான்.