பெட்டியின் அடி தெரியும்வரை

ஒட்வார் தன் மச்சான் தூர்கெய்ருக்குத் தர வேண்டிய பாக்கி மூவாயிரத்து அறுநூற்று நாற்பது குரோனர்.

வாங்கித் தின்ற கடன் என்றுகூடச் சொல்ல முடியாது. இன்னும் தின்னவே இல்லை. இலையுதிர்காலத்தில் வேட்டைக் குழு சுட்ட எல்க் மானில் அவருக்கு வந்த பங்குக் கறியின் விலை அது. கறி அன்றைக்கே வீட்டு நிலவறைக்குப் போய், பெரிய ஃப்ரீசருக்குள் இறங்கிவிட்டது. பணம் மட்டும் அடுத்த சம்பளம், அடுத்த சம்பளம் என்று ஜனவரி வரைக்கும் நொண்டிக்கொண்டே வந்தது.

"தூர்கெய்ர் மறுபடி கேட்டான்," என்றாள் ஒட்வாரின் மனைவி சூல்ஃப்ரி. தூர்கெய்ர் அவள் தம்பி. வேட்டைக் குழுவுக்குத் தலைவனும் அவன்தான்.

"அக்கா புருஷன்கிட்ட இப்படியா கழுத்துல துண்டைப் போட்டுக் கேப்பான்?"

"அக்கா புருஷன்னுதான் இத்தனை மாசம் சும்மா இருந்தான். ஈஸ்டர் லீவுக்கு முன்னாடி குழுக் கூட்டம். பாக்கி வெச்சிருக்கறவனோட எடத்தை அடுத்தவனுக்குக் குடுத்துடுவாங்களாம். அக்கா புருஷனுக்குன்னு தனிச் சட்டம் போட முடியாதுங்கறான்."

ஒட்வாருக்கு வாயில் போன உருளைக்கிழங்கு அங்கேயே நின்றுவிட்டது.

வேட்டையில் அவர் நிற்கிற இடம் சதுப்பு நிலத்து ஓரத்தில் இருக்கிறது. அவருடைய அப்பா நின்ற இடம். குறி பார்க்கத் தெரியாதவன் நின்றால்கூட மான் தானாக வந்து நெஞ்சைக் காட்டும் என்று பேர் வாங்கிய இடம். அதில் நிற்பதால்தான் ஒட்வாரையும் ஊரில் வேட்டைக்காரன் என்கிறார்கள். அது போனால் அவர் மரம் அறுக்கும் மில்லில் வெறும் ஷிஃப்ட் மேஸ்திரி. மேஸ்திரியை யார் மதிக்கிறார்கள்? அவர் முதுகுக்குப் பின்னால் மில்லில் என்ன பேசுகிறார்கள் என்று அவருக்கே தெரியும்.

"கையில காசு நிக்க மாட்டேங்குதே," என்றார்.

"எப்படி நிக்கும்? கீழ பெட்டி நெறைய சாப்பாட்டை வெச்சுக்கிட்டு வாராவாரம் கடைக்கு ஓடறோம். அதைத் தின்னு காலி பண்ற ரோஷம் இந்த வீட்டுல யாருக்கு இருக்கு?"

ரோஷம் என்ற வார்த்தை போதும். ஒட்வார் கரண்டியால் மேஜையைத் தட்டினார். மில்லில் ஷிஃப்ட் மாறும்போது கம்பியால் தகரத்தைத் தட்டுவாரே, அதே தட்டல்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. இனிமே இந்த வீட்டுல கடைக்குப் போற வேலை கிடையாது. பெட்டியோட அடி தெரியற வரைக்கும் அதுல இருக்கறதுதான் சாப்பாடு. மிச்சமாகற காசு தூர்கெய்ருக்கு."

"வெள்ளிக்கிழமை டாக்கோ?" என்றாள் மகள் இல்வா. பதினாறு வயது. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை சர்ச் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வெள்ளிக்கிழமை ராத்திரி கறியைச் சோள ரொட்டியில் மடித்துத் தின்கிற டாக்கோ இல்லாமல் முடியாது. இங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான்.

"டாக்கோவும் பெட்டியிலேருந்துதான்."

இந்தப் பக்கத்தில் ஃப்ரீசர் இல்லாத வீடு கிடையாது. கோடையில் பழம் பறிப்பார்கள், மீன் பிடிப்பார்கள், அப்புறம் காளான், அப்புறம் மான். எல்லாவற்றையும் பையில் கட்டி உள்ளே தள்ளுவார்கள். தள்ளிவிட்டு நேரே கடைக்குப் போய்க் கோழி வாங்கி வந்து சமைப்பார்கள். உள்ளே இருப்பது பஞ்ச காலத்துக்காம். பஞ்சம் வந்தால் முதலில் கரண்ட்தான் போகும் என்று ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

ஒட்வார் வீட்டில் இன்னொரு விசேஷம். பைகளின் மேல் பேர் எழுதுகிற வழக்கம் இல்லை. "பாத்தாலே தெரியாதா?" என்பார் அவர். பார்த்தால் என்ன தெரியும்? உறைந்த பிறகு எல்லாமே செங்கல்தான்.

முதல் நாள் அவர் கருஞ்சிவப்பாக ஒரு செங்கல்லைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தார்.

"கொத்துக் கறி," என்றார். வெண்ணெய் போட்டு, வெங்காயம் வதக்கி, உப்பும் மிளகும் தூவி, செங்கல்லை வாணலியில் இறக்கினார். கொஞ்ச நேரத்தில் அது நுரைத்துக்கொண்டு பொங்கியது. சமையலறை முழுக்க ஜாம் வாசனை.

இல்வா கரண்டியில் தொட்டு நாக்கில் வைத்தாள். "அப்பா, இந்த மான் புளிக்குது."

அது லிங்கன் பழக் கூழ். காட்டில் பறிக்கிற செம்பழம். வெங்காயமும் மிளகும் போட்டு லிங்கன் பழம் சமைத்தவர் இந்த நாட்டிலேயே ஒட்வார் ஒருத்தராகத்தான் இருப்பார்.

"வீணாக்கக் கூடாது. சர்க்கரை போட்டா சரியாயிடும்," என்றார். வீட்டில் அவ்வளவு சர்க்கரை இல்லை. கடைக்குப் போய் வாங்கி வந்தார்.

"கடைக்குப் போகக் கூடாதுன்னே?" என்றாள் சூல்ஃப்ரி.

"சாப்பாடு வாங்கத்தான் போகக் கூடாது. இது துணைச் சாமான்."

அன்று இரவு மூன்று பேரும் வெங்காய ஜாமை ரொட்டியில் தடவித் தின்றார்கள். இல்வா மட்டும் தடவினதைத் திரும்ப வழித்துவிட்டு வெறும் ரொட்டியைத் தின்றாள்.

தப்பு எங்கே என்று ஒட்வார் யோசித்தார். ஒவ்வொன்றாக எடுத்தால் ஏமாந்துதான் போவோம். மில்லுக்கு மரம் வந்தால் முதலில் முற்றத்தில் பரப்பி வகை பிரிப்பார்கள் இல்லையா, அதே மாதிரி செய்ய வேண்டும். ஒரு பெரிய கூடை நிறையப் பைகளை அள்ளி வந்து, சமையல் மேடை முழுக்கப் பரப்பினார். உறை கொஞ்சம் விட்டால் எது எதுவென்று தெரிந்துவிடும். தெரிந்ததும் திரும்ப உள்ளே வைத்துவிடலாம். அருமையான யோசனை. செய்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

காலையில் எல்லாம் தெரிந்தது. ஒரு பை கடல்மீன், ஒரு பை மான் ஈரல், ஒரு பை வேக வைத்த கோசு. ஒரு பையில் ரொட்டி மாவு. அது ராத்திரி நிம்மதியாகப் பொங்கி, பையைக் கிழித்து, மேடையிலிருந்து இறங்கி, கரண்டிகள் இருந்த இழுப்பறைக்குள் குடி புகுந்திருந்தது. இன்னொரு பையில் நாய்க்கென்று வைத்த எலும்பு. நாய் செத்து இரண்டு வருஷம் ஆகிறது.

"சரி, தெரிஞ்சுபோச்சுல்ல? திரும்ப உள்ள வெச்சுடு," என்றார் ஒட்வார்.

"கரைஞ்சதை மறுபடி உறைய வெச்சுத் தின்னா மூணு பேரும் கக்கூஸ் வாசல்ல வரிசையில நிக்கணும்," என்றாள் சூல்ஃப்ரி. "இன்னிக்கே சமைச்சாகணும். எல்லாத்தையும்."

மீனுக்குப் பாலேடு வேண்டியிருந்தது. ஈரலுக்குப் பன்றிக் கொழுப்பு. கோசுக்கு என்ன வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை, அதனால் எல்லாவற்றிலும் கொஞ்சம் வாங்கினார். துணைச் சாமான் பை இரண்டு கையையும் இழுத்தது.

வெள்ளிக்கிழமை ஈரல் டாக்கோ. இல்வா ஒரு கடி கடித்தாள். அப்புறம் தட்டை அப்பாவை நோக்கித் தள்ளினாள்.

"அப்பா, எதுக்கும் ஒரு அளவு இருக்கு. தூர்கெய்ர் மாமாகிட்ட நானே போயி முட்டி போட்டுக் கேக்கறேன். கடனை விட்டுடச் சொல்றேன். இதை மட்டும் தின்னச் சொல்லாதே."

"மானம் கெட்ட பேச்சுப் பேசாதே. தின்னு."

"மானம் மிச்சமிருந்தா அதையும் உறைய வெச்சிருப்பே."

மூன்று வாய் தின்றால் எப்போது தீரும்? ஆள் பலம் வேண்டும் என்று தீர்மானித்தார் ஒட்வார். பக்கத்து வீட்டு ஹால்டிஸை அழைத்தார், மில் ஆட்கள் நாலு பேரைக் குடும்பத்தோடு அழைத்தார். இரண்டு சனிக்கிழமை தொடர்ந்து விருந்து. மான் கறி வறுவல், மீன் உருண்டை, பழக் கூழ் எல்லாம் மளமளவென்று போனது. பெட்டியில் பாதிக்கு மேல் காலி. ஒட்வார் நிலவறைக்குப் போய் மூடியைத் திறந்து திறந்து பார்த்துச் சந்தோஷப்பட்டார்.

ஆனால் எந்த ஊரில் இருக்கிறோம் என்பதை மறந்துவிட்டார். இங்கே ஒரு வீட்டில் ஒரு வாய் தின்றவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்காமல் தூங்க மாட்டார்கள். கொடுப்பதற்குக் கடைக்கும் போக மாட்டார்கள். அவரவர் வீட்டிலும் ஒரு பெட்டி இருக்கிறதே!

முதலில் ஹால்டிஸ் வந்தாள், கையில் ஒரு வாளி அயிலை மீனோடு.

"எதுக்குங்க இதெல்லாம்?"

"சும்மா வெச்சுக்க ஒட்வார். உங்க வீட்டுல உறைஞ்ச சாப்பாட்டுக்கு உசிரை விடறீங்கன்னு ஊரே பேசுது. எங்க வீட்டுல இதைத் திரும்பிப் பாக்க ஆள் இல்ல."

அடுத்து மில் ஆட்கள். ஒருத்தன் கலைமான் இதயம் ஒரு பை. ஒருத்தன் கிறிஸ்துமஸில் மிஞ்சின கேக். எந்தக் கிறிஸ்துமஸ் என்று அவன் சொல்லவில்லை. ஒருத்தன் பெண்டாட்டி, பெரிய சட்டி நிறைய ஆட்டுக்கறியும் கோசும் போட்ட குழம்பை உறைய வைத்து, சட்டியோடு கொண்டுவந்து இறக்கிவிட்டு, சட்டி அவசரமில்லை என்று சொல்லிப் போனாள். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஊரில் முகம் காட்டியாக வேண்டாமா?

மூடி மூடவில்லை. ஒட்வார் மேலே ஏறி உட்கார்ந்து பார்த்தார். இறங்கினால் மூடியும் கூடவே எழுந்தது. கடைசியில் பெயின்ட் டப்பாக்களை அடுக்கி அமுக்கி வைத்தார்.

அன்று சாயங்காலம் அவர் சமையலறையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"விட்டுடலாம் சூல்ஃப்ரி. ஆரம்பிச்சப்போ இருந்ததைவிட இப்போ ஜாஸ்தியா இருக்கு. எடமும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

சூல்ஃப்ரி அவர் தோளில் கை வைத்தாள். கல்யாணமான புதிதில் வைத்தது, அதற்கப்புறம் இப்போதுதான்.

"பாதியில விட்டா ஊரு சிரிக்கும். இவ்வளவு தூரம் வந்துட்டே. இனிமே யாரையும் கூப்பிடாதே, சமையலை எங்கிட்ட விடு. நீ தின்னா மட்டும் போதும்."

ஒட்வாருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு மனைவி யாருக்குக் கிடைப்பாள்?

அதற்கப்புறம் அந்த வீட்டில் நடந்ததைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது. சுமை இறக்கும் வேலை. காலையில் அயிலை. மத்தியானத்துக்கு மில்லுக்குக் கட்டிக் கொடுத்த ரொட்டிக்குள் கலைமான் இதயம். சாயங்காலம் ஆட்டுக் குழம்பு, படுக்கப் போகுமுன் ஒரு துண்டு பழைய கேக். மில்லில் சாப்பாட்டு நேரத்தில் ஒட்வார் டப்பாவைத் திறந்தால் பெஞ்சு காலியாகிவிடும். இடுப்புப் பட்டையில் புதிதாக ஓட்டை போட்டார். அதற்கடுத்து இன்னொன்றும் போட்டார். கனவிலும் மென்றார்.

அதிசயம் என்னவென்றால் இல்வாவும் முணுமுணுக்காமல் தின்றாள். ஒரு நாள் அம்மாவும் மகளும் காதோடு காதாக ஏதோ பேசினார்கள், அவ்வளவுதான். மறுநாளிலிருந்து, "இன்னும் கொஞ்சம் போடும்மா, சீக்கிரம் தீரட்டும்," என்று தட்டை நீட்டினாள். மேஸ்திரியின் மகள் ஒரு வழியாக ஒழுங்குக்கு வந்துவிட்டாள் என்று ஒட்வார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

பனி உருகி வாசலில் சேறானபோது பெட்டியின் அடி தெரிந்தது. வெள்ளை வெளேரென்று. மூலையில் ஒரே ஒரு பட்டாணி ஒட்டிக்கொண்டிருந்தது. ஒட்வார் அதையும் சுரண்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சூல்ஃப்ரி வெந்நீரும் சோப்பும் கொண்டுவந்து உள்ளே நன்றாகக் கழுவித் துடைத்து, காயட்டும் என்று மூடியைத் திறந்து வைத்தாள். வெற்றியைக் கொண்டாடுகிறாள் என்று நினைத்தார் அவர்.

வெற்றிக்கு அப்புறம்தான் கணக்கு. பாலேடு, வெண்ணெய், பன்றிக் கொழுப்பு, சர்க்கரை, விருந்துக்கு வாங்கின பீர் எல்லாமாகச் சேர்ந்து, வழக்கமாகக் கடையில் செலவழிப்பதைவிட ஒரு கை கூடவே முழுங்கியிருந்தன. தூர்கெய்ருக்குக் கொடுக்க ஒரு காசு மிஞ்சவில்லை.

கூட்டம் நடக்கிற சனிக்கிழமை காலை. வாசலில் வண்டிச் சத்தம். தூர்கெய்ர் காருக்குப் பின்னால் இழுவை வண்டி மாட்டி வந்திருந்தான். கூடக் குழுவில் இன்னொருத்தன், எய்வின் என்று. இரண்டு பேர் கையிலும் வேலைக்குப் போடுகிற தடித்த கையுறை.

ஒட்வார் ஜன்னல் வழியாகப் பார்த்தார். பணம் கிடைக்காது என்று தெரிந்து கறியையே அள்ளிப் போக வந்துவிட்டான்!

"மச்சான்," என்று வாசலிலேயே மறித்தார். "கறி ஒரு துண்டு இல்ல. பெட்டி காலி. சத்தியமா."

"நல்லதாப் போச்சு," என்றான் தூர்கெய்ர். பூட்ஸைக் கழற்றிவிட்டு நேரே நிலவறைப் படியில் இறங்கினான். எய்வினும் பின்னாலேயே இறங்கினான். ஒட்வார் கையைப் பிசைந்துகொண்டு தொடர்ந்தார்.

"மே மாசம் வரைக்கும் பொறுத்துக்கோ. பாதியாவது தரேன். எங்கப்பா நின்ன எடம் மச்சான், அதை மட்டும் எடுத்துடாதே. நான் குழுவுல எல்லார் கால்லயும் வேணும்னாலும் விழறேன்."

எய்வின் எங்கோ பார்த்தான். தூர்கெய்ர் பெட்டிக்குள் குனிந்து பார்த்து, விரலால் அடியைத் தடவி, மோந்து, திருப்தியாகத் தலையாட்டினான். அப்புறம் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, கம்பியைச் சுருட்டி உள்ளே போட்டு, மூடியைச் சாத்தினான். மேல்படியில் சூல்ஃப்ரியும் இல்வாவும் ஒருத்தர் தோளை ஒருத்தர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

"என்ன மச்சான் பண்றே?" என்றார் ஒட்வார். "பணம் தரேங்கறேன்ல?"

"எந்தப் பணம்?" என்றான் தூர்கெய்ர், பெட்டியின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டே. "அது ஜனவரியிலேயே தீர்ந்துபோச்சு மச்சான், உன் எடமும் பத்திரமா இருக்கு. 'கடனுக்குப் பதிலா இந்தப் பெட்டியை எடுத்துக்கோ, உள்ள இருக்கறதைக் காலி பண்ண மட்டும் ஈஸ்டர் வரைக்கும் டைம் குடு, அந்த வேலைக்கு எங்க வீட்டுலயே சம்பளமில்லாம ஒரு மேஸ்திரி இருக்காரு'ன்னு அக்காதான் சொன்னா!"