நான் கிழித்த பதினொரு ஸ்டிக்கர்

பதினொரு பேருடைய வேலைக்கு ஒரே பீரியடில் வேட்டு வைத்தவள் நான். அதுவும் அறிவியல் பாடம் நடத்துகிறேன் பேர்வழி என்று. அந்தப் பதினொரு பேரில் ஒருவர் எனக்குத் தாலி கட்டியவர். அதனால் குற்றம் குறைகிறதா, கூடுகிறதா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அப்போது மண்ணூர் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் என் முகத்தைப் பார்த்ததே கிடையாது. ஜன்னல் வழியாகக் கம்பெனி பஸ்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள். (சுவாச மண்டலம் நடத்தும்போது நானே நாற்பத்திரண்டு வரை எண்ணியிருக்கிறேன்.) அந்தச் சமயத்தில்தான் ஒரு பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரையில் கேள்வி வருமாம், பிள்ளைகள் போனில் பதிலைத் தட்டுவார்களாம், யார் முதலிடம் என்று உடனே பட்டியல் ஓடுமாம். எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. ஸ்மார்ட் போர்டு பள்ளியில் இருந்தது. போனுக்கு எங்கே போவது?

இந்த இடத்தில்தான் என் மூளை அபாரமாக வேலை செய்தது. எங்கள் பக்கம் பாதி வீடுகளில் அப்பாவோ அம்மாவோ ஒரே கம்பெனியில் நைட் ஷிப்ட். பகலெல்லாம் தூக்கம். அப்போது போன் சும்மாதானே கிடக்கிறது! போனைக் கொடுத்தனுப்பச் சொல்லி வகுப்பு குரூப்பில் செய்தி போட்டேன். என் வீட்டுக்காரர் தாமுவின் போனைத் தலைமாட்டிலிருந்து நானே எடுத்துக்கொண்டேன். கேட்டுத்தான் எடுத்தேன். "ம்" என்றார். (தூக்கத்தில் எதைக் கேட்டாலும் "ம்" என்பார். சொத்தையே எழுதி வாங்கலாம். சொத்துதான் இல்லை.)

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம். கம்பெனியில் புது லைன் போட்டதால் மூன்று மாதமாக அவருக்கு நைட்டேதான். சாயங்காலம் ஆறு முதல் காலை ஆறு வரை. காலையில் ஏழேகாலுக்கு வருவார், நான் ஏழே முக்காலுக்குக் கிளம்புவேன். நான் ஐந்து மணிக்குத் திரும்பும்போது அவர் நாலரை பஸ்ஸில் போயிருப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் தூக்கத்திலேயே தீர்ந்துவிடும். ஒரே வீட்டில் இருந்துகொண்டே அவருக்காக ஏங்கிப் போனேன். அவர் காபி குடித்துவிட்டு வைத்த டம்ளரைக்கூட உடனே கழுவ மனசு வராது.

அன்று வகுப்பில் பதினொரு போன்கள். போன் லாக்கைத் திறக்கும் பேட்டர்ன் எல்லாம் பிள்ளைகளுக்கு அத்துப்படி. போர்டில் க்யூ.ஆர். கோடு என்கிற கறுப்பு வெள்ளைக் கட்டத்தைப் போட்டு, "ஸ்கேன் பண்ணுங்க" என்றேன்.

"மிஸ், ஒண்ணும் தெர்ல. கருப்பா கீது."

வாங்கிப் பார்த்தால் கேமரா மேல் வெள்ளி நிறத்தில் ஒரு ஸ்டிக்கர். அடுத்த போனிலும். பதினொன்றிலும்! உள்ளே யாரும் படம் எடுக்கக்கூடாது என்று கம்பெனி கேட்டில் ஒட்டுவது. தாமுவின் போனில் மூன்று மாதமாகப் பார்க்கிறேன். தினமும் ஒட்டுவார்களா, கிழிந்தால் என்ன ஆகும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்பதற்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருக்கவேண்டுமே!

கிழித்தேன். நகத்தால் சுரண்டி, போர்டு துடைக்கும் ஸ்பிரே அடித்து, முந்தானையால் பளபளவென்று துடைத்தேன். பதினொன்றையும் முடித்து நிமிர்ந்தபோது ஜனனி எழுந்தாள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். அவள் அம்மா சரளாவுக்கும் அதே கம்பெனி, அதே நைட்.

"மிஸ், கட்டத்துக்குக் கீழயே நம்பர் போட்டு கீதே. அத்த அடிச்சாலே உள்ள போலாம்."

"மொதல்லயே சொல்றதுக்கு இன்னாடி?"

"நீங்க ஆசையா கிழிச்சிகினு இருந்தீங்க மிஸ்."

ஆனால் அந்த க்விஸ் இருக்கிறதே! கடைசி பெஞ்ச் எழுந்து நின்று கத்தியது. ஒருத்தரும் பஸ்ஸை எண்ணவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. நான் போய்ச் சேர்வதற்குள் அவர் கிளம்பிவிடுவார் என்பதால் தாமுவின் போனை ஜனனியிடமே கொடுத்தனுப்பினேன். அவர் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாராம்.

சாயங்காலம் ஏழேகாலுக்குக் கதவைத் திறந்தால், வாசலில் தாமு.

"ஏங்க, இன்னாச்சு? ஒடம்பு சரியில்லையா?"

"கேட்ல பதினோரு பேர நிக்க வெச்சிட்டான் செக்யூரிட்டி. மாசத்துக்கு ஒரு தபா நம்பர் போட்டு ஒட்றது அது. எப்டி கிழிஞ்சிதுன்னு எழுதிக் குடுக்கச் சொன்னான். பத்து பேரு 'பசங்களோட மிஸ் கிழிச்சாங்க'ன்னு எழுதினாங்க. நான் 'என் சம்சாரம் கிழிச்சிட்டா'ன்னு எழுதினேன். சூப்பர்வைசர் படிச்சிட்டு, 'எல்லாம் ஒரே ஆளா?'ன்றான்!"

"வேல போயிடுமா?"

"இந்தத் தபா வுட்டுட்டாங்க. நாளைக்கு வந்து புதுசா ஒட்டிக்கோன்னு பகல் ஷிப்ட் பஸ்லயே ஏத்தி அனுப்பிட்டாங்க. இன்னொரு தபா கிழிஞ்சா காண்ட்ராக்ட்லேருந்து தூக்கிடுவாங்களாம்."

நான் ஓவென்று அழுதேன். அவர் செருப்பைக் கழற்றிப் போட்டார். பிறகு, "அழுவாத. தோசைமாவு கீதா?" என்றார்.

மூன்று மாதத்தில் அன்றுதான் கல்லிலிருந்து அவர் தட்டில் சுடச்சுட தோசை விழுந்தது. மாவு தீரும்வரை சுட்டேன். பேசுவதற்கு ஒரு விஷயமும் இல்லை, ஆனாலும் பேசிக்கொண்டே இருந்தோம். பக்கத்து வீட்டில் சரளா என்னைத் திட்டுவது நன்றாகக் கேட்டது. நடுநடுவே ஜனனியோடு சேர்ந்து சிரிப்பதும் கேட்டது.

மறுநாள் எல்லோரும் போய்ப் புது ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டார்கள். அதற்கடுத்த நாள் வகுப்புக்குள் நுழைந்தால், பெஞ்சுகளின் மேல் பத்துப் போன்கள். யாரும் கொண்டுவரச் சொல்லவில்லை. ஸ்டிக்கர் பக்கம் மேலே தெரியும்படி வரிசையாக வைத்திருந்தார்கள்.

"இன்னிக்கி க்விஸ் இல்லியா மிஸ்?" என்றாள் ஜனனி.

"இருக்கு. நம்பர் அடிச்சே உள்ள போலாம். நீதானே சொன்ன?"

அவள் அம்மாவின் போனை என்னிடம் நீட்டினாள்.

"நம்பர் சரியா வராது மிஸ். ஸ்கேன் பண்ணாத்தான் நல்லா இருக்கும். அன்னிக்கி ராத்திரி அம்மா வீட்லயே இருந்திச்சி."

பிள்ளைகள் எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் கிழிக்கத்தான் ஆசை. போர்டு பக்கம் திரும்பிக்கொண்டு அந்த நம்பரைப் பெரிசாக எழுதினேன். ஆறு எண்களை எழுத அவ்வளவு நேரம் ஆகும் என்று அன்றுதான் தெரிந்தது.

இப்போது தாமு ஒரகடம் பக்கம் வேறு கம்பெனியில் இருக்கிறார். அங்கேயும் ஸ்டிக்கர் உண்டு, நைட்டும் உண்டு. நான் பள்ளிக்குக் கிளம்பும்போது போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்து போனை நீட்டும். "இந்தா மிஸ். இன்னிக்கி க்விஸ் எதுனா கீதா?"

"நம்பர்லயே முடிச்சிக்கிறோம், தூங்குங்க" என்பேன். ஆனாலும் போனை வாங்கி, ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் ஒருமுறை நெருடிப் பார்ப்பேன். பிறகு அதைத் தலைமாட்டில் வைத்துவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன்.