ஈரக்கழிவு இரண்டு

காலையிலிருந்து உப்பள ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே இருந்ததில் பெனிஸ்டனுக்கு இடுப்பு கழன்றுவிடும்போல வலித்தது. எழுந்து நின்று முனகினான். ஜன்னலுக்கு வெளியே லாரிக்கு உப்பு மூடை சுமந்துகொண்டிருந்த செல்லக்கிளி தலைச்சுமையோடு நின்று பார்த்தாள்.

“நாற்காலி ரொம்பக் கனமோ தம்பி?”

“இடுப்பு வலிக்குக்கா.”

“மாத்திக்கிடுவமா?”

அவன் உட்கார்ந்துகொண்டான்.

உப்பளத்தில் ஒரு எடைமேடை, துறைமுகச் சாலையில் இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனி டேட்டாபேஸ், தனித்தனி கான்ஃபிக் ஃபைல். எந்தச் சரக்கை எங்கே பதிவது, எவ்வளவு கழிப்பது எல்லாம் அந்த ஃபைலில்தான். இரண்டையும் அவன் ஒன்றாக்க வேண்டும். உப்பளத்துப் பழைய எடைமேடை புரோகிராம் பழையபடியே ஓடவும் வேண்டும்.

மேனேஜர் சிவப்பிரகாஷ் பழைய எடைச்சீட்டு ஒன்றை மேசையில் போட்டிருந்தார். நானூறு மூடை, பத்து டன் உப்பு, கழிவு போக 9,600 கிலோ.

“இதே எடை புதுசுலயும் வரணும். ஒரு கிலோ மாறுனாலும் நாளைக்கு நீ வராண்டாம்.”

காண்டிராக்ட் வேலை. வீட்டில் மனைவி ஜெபசுதாவுக்கு எட்டாவது மாதம்.

இரண்டு ஃபைலையும் சேர்த்து, இரட்டித்துக் கிடந்த வரிகளை எல்லாம் தூக்கிவிட்டு ஓட்டினான். பழைய புரோகிராம் திறக்கவே இல்லை. அது பழைய பெயரில்தான் ஃபைலைத் தேடியது. பழைய பெயரிலும் ஒரு நகல் வைத்தான். திறந்தது. எடை 9,800 என்றது.

இருநூறு கிலோ கூடுதல்.

உப்பளத்து வரிகளை ஃபைலில் மேலே ஏற்றிப் பார்த்தான். துறைமுகச் சாலையிலிருந்து எடைமேடைக்காரர் வீரபாகு போன் போட்டார்.

“ஏலே, நிலக்கரி எடையிலயும் ஈரக்கழிவுன்னு கழிக்குது. டிரைவர் என்னைய அடிக்க வாரான்.”

“அஞ்சு நிமிசம் அண்ணாச்சி.”

“அஞ்சு நிமிசத்துல அவன் ரெண்டு அடி அடிச்சிருவான்.”

வரிகளைக் கீழே இறக்கினான். நிலக்கரி சரியானது. உப்பு அப்போதும் 9,800.

கடைசியில், தூக்கியெறிந்த வரிகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் போட்டான். பதினேழாவது வரியில் 9,600 வந்தது. “ஸ்தோத்திரம்” என்றவன் அந்த வரியை வாசித்துவிட்டு விழித்தான்.

ஈரக்கழிவு 2.

உப்புக்கு ஈரம் என்று நூற்றுக்கு இரண்டு கழிப்பது பேசி முடித்த வழக்கம். அந்த வரி மேலேயும் இருந்தது, கீழேயும் இருந்தது. பழைய புரோகிராம் இரண்டையும் கூட்டிக் கழித்தது.

மேனேஜரைக் கூப்பிட்டான்.

“சார், இதுல ஒரு தப்பு இருக்கு. ஈரத்துக்கு ரெண்டு தடவ கழிக்குது.”

“பழைய எடை வந்துட்டா?”

“வந்துட்டு. ஆனா இந்த வரிய எடுத்தாத்தான்...”

“பழசு கெடக்கூடாதுன்னு சொன்னம்லா. அதுல கைய வைக்காத.”

காண்டிராக்ட் தாளை இழுத்து, இன்னும் ஒரு வருடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே வெளியேறினார். பெனிஸ்டன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தபோது ஜன்னலை நிழல் மறைத்தது. செல்லக்கிளி தலைச் சும்மாட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள்.

“அப்போ உப்ப நாங்க சிந்தலையா தம்பி? மூடை சரியா இருக்கு, எடை குறையுது, வழியெல்லாம் சிந்திட்டு வாரியன்னு சொல்லி, பதினோரு வருசமா சனிக்கிழமதோறும் எங்கள சும்மா கூட்டி அள்ள விட்டாவ. அந்தச் சனிக்கிழமைக் கூலி பூராவும் எங்களுக்கு இன்னும் பாக்கி.”