திறந்து பார்க்காத கோப்பு

ஒரு கடிதத்தின் நகல் தயாரானதும் ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க வேண்டும். இன்னொருவர் நகலில் விரல் வைத்துத் தொடர வேண்டும். இருவரும் ஓரத்தில் சுருக்கொப்பம் போட்ட பிறகே அது அலுவலகத்தை விட்டு வெளியேறலாம். இது அலுவலக நடைமுறை. இதைப் பரீட்சை எழுதித் தேறியவன் நான். முப்பது வருடம் பிறருக்குப் போதித்தவன். ஒப்பிடாமல் தபாலில் சேர்த்ததற்காக ஒரு எழுத்தரிடம் விளக்கம் கேட்டு, அந்த விளக்கத்துக்கு ஒரு விளக்கமும் கேட்டவன். (அவர் செய்த பிழை, முகவரியில் ஒரு கதவு எண். கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது வேறு விஷயம்.)

அந்த விதியை நான் மீறியது ஒரே ஒரு முறைதான். அதற்கே இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

2006-ஆம் வருடம். பெரம்பலூரில் எங்கள் துறையின் மாவட்ட அலுவலகத்தில் நான் கண்காணிப்பாளர். ஓய்வு பெற ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தது. எங்கள் ஜீப் ஓட்டுநர் மாணிக்கம் மாரடைப்பில் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவர் மனைவி செல்வராணி, சிறுவாச்சூர். அங்கே அம்மன் கோயில் நடை திறக்கும் திங்களும் வெள்ளியும் சாலையோரத்தில் எலுமிச்சை மாலை விற்பார்; மற்ற நாட்களில் கிடைத்த வேலை. கருணை அடிப்படையில் அலுவலக உதவியாளர் வேலை கேட்டு விண்ணப்பம் கொடுத்திருந்தார். எங்கள் அலுவலகத்திலேயே ஓர் இடம் காலியாக இருந்தது. ஒரே சிக்கல் வயது. கார்த்திகையில் அவர் வயது வரம்பைத் தாண்டிவிடுவார். அதற்குள் ஆணை வர வேண்டும்.

புரட்டாசியில் சென்னைத் தலைமையகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. அங்கே கணினிப் பிரியர் ஒருவர் இணை இயக்குநராகியிருந்தார். ஒவ்வொரு மாவட்டமும் தமிழை ஒவ்வொரு எழுத்துருவில் அடித்து அனுப்புவதால் சென்னையில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரிகிறதாம். ஆகவே கருணை நியமன வழக்குகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுருக்கக் குறிப்பை, யூனிகோடு தமிழில், அலங்காரம் ஏதுமில்லாத நோட்பேட் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். குழு அதை மட்டுமே பார்த்து முடிவு செய்யும். கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை.

இந்த ஒரு வழக்கை நானே செய்கிறேன் என்றேன். மாணிக்கத்தின் ஜீப்பில் முன் இருக்கையில் உட்கார்ந்து பத்து வருடம் ஊர் சுற்றியவன் நான். அது ஒரு காரணம். கணினி என்றால் எனக்குப் பயம் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு இருந்தது இன்னொரு காரணம். (பயம் இல்லை. மரியாதை.)

விசாரித்து எழுதிய குறிப்புகள் பழைய சுற்றறிக்கைகளின் பின்பக்கங்களில் கற்றையாக இருந்தன. சனிக்கிழமை விடுமுறை, அலுவலகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாக்கி வேலை முடிக்கத் தட்டச்சர் ஜமீலாவும் வந்திருந்தார். லெப்பைக்குடிகாட்டுக்காரர், என்னைவிட மூன்று வயதே இளையவர், என்னிடம் பயமில்லாத ஒரே ஊழியர்.

நோட்பேடைப் பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. வண்ணம் இல்லை, படம் இல்லை, வெறும் வெள்ளைத் தாள். குடும்ப விவரத்துக்கு ஒரு கோப்பு, வீடு நிலத்துக்கு ஒன்று, வருமானத்துக்கு ஒன்று, கடனுக்கு ஒன்று, அக்கம்பக்கத்தார் வாக்குமூலத்துக்கு ஒன்று என்று திரை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டேன். மேல்வரிசையில் ஒரு விசையை அமுக்கினால் அன்றைய தேதியும் நேரமும் தானாக விழும் என்று தற்செயலாகக் கண்டுபிடித்தேன். ரப்பர் முத்திரையோடு வாழ்ந்தவனுக்கு இது பெரும் புதையல். ஒவ்வொரு பத்தி முடிவிலும் அமுக்கினேன். சில இடங்களில் காரணமே இல்லாமல் அமுக்கினேன்.

பிறகு எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து ஒழுங்குபடுத்தினேன். அடக்கமாகச் சொல்கிறேன், நல்ல குறிப்பு அது. ஒரு சொல் மிகையில்லை. படித்தால் கல்லும் ஆணை போடும்.

சேமிக்கும்போது ஒரு பெட்டி வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. இதில் யூனிகோடு எழுத்துகள் இருக்கின்றன, இப்படியே சேமித்தால் அவை அழிந்துவிடும் என்று சொன்னது. எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆங்கில இலக்கியத்தில் பட்டம் பெற்றவன். ஆனால் எச்சரிக்கைகளைப் பார்த்த மாத்திரத்தில் தாண்டிப் போகும் பழக்கம் எனக்கு உண்டு. ஏனென்றால் வாழ்நாள் முழுக்க எச்சரிக்கைகளை எழுதியவன் நான். 'தவறினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்' என்று முடியாத சுற்றறிக்கை நான் வரைந்ததில்லை. எந்த நடவடிக்கையும் எடுத்ததில்லை. பெட்டியில் இரண்டு பொத்தான்கள். ஒன்று சம்மதம், இன்னொன்று ரத்து. ஒரு விதவையின் கோப்பில் ரத்து என்பதை அமுக்க என் கை வரவில்லை. சம்மதித்தேன். ஒவ்வொரு கோப்புக்கும் பெட்டி வந்தது; ஒவ்வொன்றுக்கும் சம்மதித்தேன். திரையில் தமிழ் அப்படியே அழகாகத்தான் நின்றது.

ஜமீலா எழுந்து வந்தார்.

"ஒப்பிட்டுப் பாத்துடலாமா சார்? நீங்க படிங்க, நான் பாக்குறேன்."

"எதோடு எதை ஒப்பிடறதும்மா? டைப்ரைட்டர்னா மூலம் வேற, நகல் வேற. இதுல மூலமே நகல். நகலே மூலம்."

"இல்ல சார், மூடிட்டு ஒரு தரம் திறந்தாவது…"

"மெஷின் என்ன, தூங்கிக்கிட்டா நகல் எடுக்குது?"

"அதுவும் சரிதான்," என்று அவர் போய் உட்கார்ந்துவிட்டார். (அந்த 'அதுவும் சரிதான்' என்ன பொருளில் சொல்லப்பட்டது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.)

அலுவலகத்தில் இணைய வசதி கிடையாது. கோப்பைப் பிளாப்பியில் ஏற்றிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த நெட் சென்டருக்குப் போனேன். கடைக்காரர் வாங்கிச் செருகிவிட்டு, "அனுப்புறதுக்கு முன்னாடி ஓப்பன் பண்ணிப் பாத்துடட்டுங்களா சார்?" என்று கேட்டார்.

"வேண்டாம். இது அரசாங்க விஷயம். நீங்க பாக்கக் கூடாது."

அவர் பயபக்தியோடு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே அனுப்பினார். நான் அலுவலகம் திரும்பி, கையெழுத்துக் குறிப்புகளைக் கிழித்துப் போட்டேன். வேலை முடிந்ததும் கசடுத் தாளை வைத்திருக்கக் கூடாது என்பது என் சொந்த விதி. அரசாங்க விதிகள் போதவில்லை என்று நானே சிலவற்றைச் சேர்த்து வைத்திருந்தேன்.

ஐப்பசி மழை முடிந்து கார்த்திகை பிறந்தபோது தலைமையகத்திலிருந்து கனமான உறை வந்தது. கனமான உறை என்றால் ஆணையும் இணைப்புகளும் என்று அர்த்தம். பிரிக்கும் முன்பே எல்லோருக்கும் டீ சொன்னேன். மொத்த அலுவலகமும் என் மேசையைச் சுற்றி நிற்க, உறையைக் கத்தரித்து உரக்கப் படித்தேன்: "இணைப்பில் காணும் தங்கள் குறிப்பு படிக்க இயலாத நிலையில் இருந்ததால் குழுவால் பரிசீலிக்கப்படவில்லை…"

இணைப்பைத் திருப்பினேன். பக்கம் பக்கமாகக் கேள்விக்குறிகள். எழுத்து இருந்த இடமெல்லாம் கேள்விக்குறி. இடையிடையே எண்களும் முற்றுப்புள்ளிகளும் மட்டும் உயிர் பிழைத்திருந்தன. செல்வராணியின் வயது இருந்தது. அவர் பெயர் இல்லை. நான் ஆசை ஆசையாக அமுக்கிய தேதியும் நேரமும் ஒன்றுகூட அழியாமல் வரிசையாக நின்றன. ஒரு மனிதன் சனிக்கிழமை காலையிலிருந்து மாலை வரை விடாமல் உட்கார்ந்து கேள்விக்குறி அடித்ததற்கு மறுக்க முடியாத சாட்சி.

டீ வந்தது. யாரும் எடுக்கவில்லை.

ஜமீலா ஒரு பக்கத்தை வாங்கிப் பார்த்தார். "யா அல்லா. மெட்ராஸ் ஆபீஸை இவ்வளவு கேள்வி யாரும் கேட்டிருக்க மாட்டாங்க சார்."

அப்புறம்தான் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை. செல்வராணி வயது வரம்பைத் தாண்டி அன்றைக்கு நான்காவது நாள். சுற்றறிக்கையை எடுத்துப் பார்த்தேன். ஐந்தாவது பத்தி, சேமிக்கும்போது எந்த வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொல்லியிருந்தது. நான் நான்காவது பத்தியோடு நிறுத்தியிருந்தேன். அலுவலகக் கணினியில் இருந்த கோப்புகளையும் திறந்தோம். அங்கேயும் அதே கேள்விக்குறித் தோப்பு.

வெள்ளிக்கிழமை விடுப்பு போட்டுச் சிறுவாச்சூர் போனேன். நல்ல கூட்டம். செல்வராணி எலுமிச்சம்பழக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்து மாலை கோத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து முந்தானையால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். அந்த மரியாதை என்னை இன்னும் கூசவைத்தது.

"ஆர்டரு வந்துடுச்சா சார்?"

பஸ்ஸில் தயாரித்து வைத்திருந்த வாசகத்தைச் சொன்னேன். "தொழில்நுட்பக் காரணங்களால் உங்கள் விவரங்கள் பரிசீலிக்கப்பட இயலாமல் போய்விட்டன."

"புரியற மாதிரி சொல்லுங்க சார்."

"கம்ப்யூட்டர்ல எழுத்தெல்லாம் அழிஞ்சுபோச்சும்மா."

"தானாவா?"

"ஒரு பட்டன் தப்பா அமுங்கிடுச்சு."

"அமுக்குனது யாரு?"

எனக்குத் தெரிந்த செயப்பாட்டு வினைகள் எல்லாம் தீர்ந்துவிட்டன. "நான்தான்," என்றேன்.

அவர் ஊசியைப் பழத்தில் குத்தி வைத்தார். "எங்க வூட்டுக்காரரு உங்களைப் பத்திச் சொல்வாரு. சூப்பிரண்டு சார் கையால ஒரு பேப்பர் போச்சுன்னா திரும்பி வராதும்பாரு." பிறகு, ஒரு மாலையை வாங்க வந்தவரிடம் நீட்டிவிட்டு, "இதைச் சொல்றதுக்கு பஸ் ஏறி வந்தீங்க. பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி ஒரு நடை வந்திருக்கக் கூடாதா சார்?" என்றார்.

எதற்கு வந்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி இல்லை.

வயது வரம்பைத் தளர்த்தக் கோரித் தனியாக எழுதலாம், அதற்கு விவரங்கள் எல்லாம் மறுபடி வேண்டும் என்றேன். "அதான் ஒருதரம் சொன்னேனே, எங்க அதெல்லாம்?" என்றார். கிழித்துவிட்டேன் என்று சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப்போவதில்லை.

"சரி, கேளுங்க. கையி சும்மாதான இருக்கு, இதைக் கோத்துக்கிட்டே கேளுங்க," என்று ஊசியும் நூலும் என் பக்கம் தள்ளினார்.

அப்படித்தான் பெரம்பலூர் மாவட்ட அலுவலகக் கண்காணிப்பாளர் சாலையோரத்தில் எலுமிச்சை மாலை கோத்தார். விசாரணை வியாபாரத்துக்கு நடுவே நடந்தது.

"கடன் எவ்வளவும்மா?"

"ஆசுபத்திரிக்கு வாங்கினதா, பொண்ணு கல்யாணத்துக்கு வாங்கினதா? இருங்க, அந்தம்மாவுக்குப் பெரிய மாலையா எடுத்துக் குடுங்க. அதில்ல சார், அது நீங்க கோத்தது, கோணலா இருக்கு."

காரில் வந்த ஒருவர் என்னிடம் பேரம் பேசினார். "பெரியவரே, பாத்துப் போட்டுக் குடுங்க," என்றார். நிமிர்ந்தால், எங்களுக்குப் பக்கத்து அலுவலகத்தின் கணக்கர். அவர் மாலையை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனார். திங்கட்கிழமை காலை, நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே கடை போட்டுவிட்ட செய்தி மூன்று அலுவலகங்களுக்கும் இரண்டு டீக்கடைகளுக்கும் தெரிந்திருந்தது.

இந்த முறை குறிப்பை ஜமீலா உரக்கப் படித்தார். நான் விரல் வைத்துப் பார்த்தேன். மூடினோம், திறந்தோம், மறுபடி படித்தோம். நெட் சென்டர்க்காரரையும் படிக்கவைத்தேன். படித்து முடித்துவிட்டு அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். அச்செடுத்துப் பதிவுத் தபாலிலும் அனுப்பினோம். அதற்குப் பிறகு நினைவூட்டு, அதற்கு நினைவூட்டு. காலியாக இருந்த அந்த இடத்தை மாசியில் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனி மாதம் நான் ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவில் என் நேர்த்தியைப் பாராட்டிப் பேசினார்கள். நான் மாலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். (பூமாலைதான்.)

வீட்டில் கதை தெரிந்தது ஜமீலா மூலம். அன்றிலிருந்து என் மனைவி நான் சொல்லும் ஒரு பதிலையும் முழுதாக நம்பியதில்லை. ரயில் டிக்கெட் பையில் இருக்கிறது என்றால் "திறந்து பாத்தீங்களா?" பால் பொங்கவில்லை என்றால் "திறந்து பாத்தீங்களா?" மருமகன் வந்த புதிதில் இது ஏதோ எங்கள் வீட்டு வழக்கம் என்று நினைத்து, விருந்தில் குழம்புச் சட்டியைக் காட்டி என்னிடம் பணிவாகக் கேட்டார். இப்போது பேரப்பிள்ளைகள்வரை வந்துவிட்டது. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவர்களுக்கு இது கோப்பு அழிந்த கதை. ஒரு பெண் கூடுதலாக ஒரு வருடம் சாலையோரத்தில் வெயிலில் உட்கார்ந்த கதை என்று நான் இடைமறித்துச் சொன்னதில்லை.

ஓய்வு பெற்ற பிறகும் திங்கட்கிழமை தோறும் அலுவலகம் போய்த் தபால் கேட்பேன். என் நாற்காலியில் இருந்த புதியவர் என்னைக் கண்டதும் தொலைபேசியை எடுத்து யாரோடோ பேசுவார். (மறுமுனையில் யாருமில்லை என்பது எனக்குத் தெரியும், நானும் அப்படிப் பேசியவன்தான்.)

அரியலூர் மறுபடியும் தனி மாவட்டமாகி, அங்கே புது அலுவலகத்துக்கு ஆள் தேவைப்பட்டது. அடுத்த சில வாரங்களில் ஒரு காலை ஜமீலா போன் செய்தார்.

"சார், செல்வராணிக்கு வந்துடுச்சு. வயசு தளர்த்திட்டாங்க. அரியலூர்ல போட்டிருக்காங்க. தபால்ல அனுப்பவா?"

"நான் கொண்டுபோய்க் குடுக்கறேம்மா."

"ரிடையர் ஆனவரு ஆர்டரைக் கையில குடுத்துச் சார்பு பண்ணலாமா சார்? எந்த விதியில இருக்கு?"

"எதுலயும் இல்ல."

ஜமீலா ஆணையையும், கையெழுத்து வாங்க வேண்டிய நகலையும் உறையில் போட்டுக் கொடுத்தார். சிறுவாச்சூர்ச் சாலையோரத்தில் செல்வராணி கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். எழுத்துக் கூட்டி, தன் பெயர் வரும் இடம்வரை படித்து, அங்கேயே விரலை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு, "அரியலூரா? ரெண்டு பஸ் மாறணுமே சார்," என்றார்.

பெரம்பலூர் என்றால் ஒரு பஸ்தான்.

"பரவால்ல. போயிக்கலாம். எங்க சார் கையெழுத்துப் போடணும்?"

இடத்தைக் காட்டினேன். பெயரை நிதானமாக எழுதினார். கீழே தேதி போட வேண்டும் என்றேன். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இன்னிக்கு என்ன தேதி?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் எழுதினார்: 14.12.2007.